சம்பந்தி வீட்டில் தேறாத கோழிகள்

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் மகளுக்கு அது நடக்கவில்லை. அவள் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துவரப் போனபோது, "அங்கன யாருண்ணே இருக்கா இவளப் பாக்குறதுக்கு, இங்கனயே இருக்கட்டும்" என்றார் சம்பந்தியம்மா. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தேனியில் என் வீட்டில் நான் மட்டும்தான். பஸ் கண்டக்டர் வேலை. விடிவதற்கு முன்னால் வண்டி எடுத்தால் இருட்டிய பிறகுதான் வீடு. வளையலை மட்டும் போட்டுவிட்டு, கொண்டுபோன கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

கம்பத்தில் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். பார்த்துவிட்டு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். பிரசவம்தான் போயிற்று, பிள்ளையும் தாயுமாக ஒரு மாதமாவது என் வீட்டில் வந்து இருக்க வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடித்தேன். தொட்டில் கட்டுவதற்கு உத்தரத்தில் கொக்கி அடித்தேன். வெந்நீர் போடும் ஹீட்டர் வாங்கினேன். டெப்போவில் ஒரு மாத லீவு சொல்லி வைத்தேன். மனைவியின் சேலைகளில் நைந்ததாக நான்கைப் பார்த்து, பிள்ளைக்கு விரிக்கத் துவைத்துக் காயப்போட்டேன். ஒரு பெண்பிள்ளை வந்து இருப்பதற்கு வேறு என்னவெல்லாம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் கல்லறையில் இருந்தாள்.

ராயப்பன்பட்டிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சம்பந்தி ரிட்டையர்டு வாத்தியார். நியூஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அந்த வீட்டில் முடிவுகள் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது எனக்கு நிச்சயதார்த்தத்தின்போதே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஆகவே நான் பேச வேண்டியது சம்பந்தியம்மாவிடம்.

மகள் வரமாட்டாள் என்று அவர் சொல்லவில்லை. அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை.

"பச்ச ஒடம்புண்ணே. கோழியடிச்சுக் குடுக்கணும்" என்றார்.

"குடுத்துருவோம் தங்கச்சி."

"என்ன கோழி குடுப்பீக?"

"நாட்டுக்கோழிதான்."

"நாட்டுக்கோழில எது?"

நாட்டுக்கோழியில் உட்பிரிவு இருப்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. என் வீட்டில் கோழி என்பது மனைவி கூடையில் கொண்டுவருவது, பிறகு தட்டில் வருவது. இடையில் நடந்தது எதுவும் எனக்குச் சம்பந்தப்பட்டதல்ல என்றுதான் முப்பது வருடம் இருந்திருக்கிறேன்.

"பிள்ள பெத்தவளுக்கு வெடக்கோழிதான் குடுக்கணும். முட்ட வைக்காத எளங்கோழி. அதுலயும் கலப்பு இருக்கக்கூடாது. நீங்களே ஒண்ணப் பாத்துப் பிடிச்சிட்டு வாங்கண்ணே. அதப் பாத்துட்டுப் பேசிக்கிருவோம்."

மகள் உள்ளறைக் கட்டிலில் இருந்தாள். நான் பார்த்ததும் குனிந்து, சரியாகவே இருந்த பிள்ளையின் துணியை இன்னொரு முறை சரி செய்தாள். எனக்குப் பரீட்சை வைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அது நியாயம் என்றும் தோன்றியது. கோழியைக்கூடப் பார்த்து வாங்கத் தெரியாதவன் வீட்டுக்குப் பச்சைப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்?

அடுத்த நாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். போனில் நாட்டுக்கோழி என்று போட்டால் வீடியோக்கள் கொட்டுகின்றன. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறார். நடுவில் கோழி தூங்கிவிடுகிறது. அவரிடமிருந்து நான் கற்றது இதுதான். கிராஸ் கோழிகள் எல்லாம் ஒரே அச்சு. நூறு நின்றால் நூறும் ஒரு நிறம், ஒரு கனம், மார்பு அகலம், கால் தடிமன், அதன் நிறம் மஞ்சள். நாட்டுக்கோழி ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஒரே அடையில் பொரித்தவற்றில் ஒன்று செவலை, ஒன்று சாம்பல், ஒன்று பொறிப் பொறியாக, ஒன்று கவுதாரி நிறம். கால் மெலிந்திருக்கும், வால் தூக்கி நிற்கும், தூக்கினால் பார்த்ததைவிட எடை குறைவாக இருக்கும்.

வெடக்கோழிக்குத் தனி அடையாளங்கள். கொண்டை சின்னதாக, நிறம் வெளிறி இருக்க வேண்டும். முட்டை வைக்க ஆரம்பித்தால் கொண்டையும் முகமும் சிவந்துவிடும். காலில் செதில் வழுவழுவென்று இருக்க வேண்டும். பின்பக்கம் இரண்டு எலும்பு தட்டுப்படும். அவற்றுக்கு நடுவில் ஒரு விரல்தான் நுழையலாம். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது குடும்பஸ்தி.

டெப்போ கேன்டீனில் கேட்டது தவறு. கருங்கால் இல்லாவிட்டால் அது நாட்டுக்கோழியே இல்லை என்றார் டைம்கீப்பர். காலில் என்ன இருக்கிறது, மொட்டைமாடியிலிருந்து விட்டுப் பார், பறந்தால் நாடு, விழுந்தால் கிராஸ் என்றார் மெக்கானிக். குழம்பு வைத்தால் வாசத்திலேயே தெரிந்துவிடும் என்றார் என் டிரைவர். அது சரிதான். ஆனால் சம்பந்தியம்மா கோழியை உயிரோடு கேட்டிருந்தார்.

வண்டியில் போகும்போது ரோட்டோரத்துக் கோழிகள் எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தன. இத்தனை வருடம் இதே ரோட்டில் போயிருக்கிறேன், ஒரு கோழியைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. சின்னமனூர் தாண்டி ஒரு வீட்டில் கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக்கோழி இருப்பதும், உத்தமபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் திரிபவை எல்லாம் கிராஸ் என்பதும் எனக்குத் தெரியவந்தது. டிக்கெட் கொடுக்காமல் ஜன்னலை எட்டிப் பார்க்கிறேன் என்று ஒரு பயணி சத்தம் போட்டார். அவர் மடியில் இருந்த கூடையிலும் ஒரு சாம்பல் நிறக் கோழி இருந்தது. கிழடு.

முதல் கோழியைத் தேவதானப்பட்டிச் சந்தையில் பிடித்தேன். கவுதாரி நிறம். கழுத்து இறகு ஒவ்வொன்றிலும் நடுவில் கறுப்புக் கோடு, ஓரத்தில் பொன் நிறம். முதுகு மண் நிறம், அதில் மிளகுத்தூளைத் தூவிவிட்டதுபோல் பொடிப் பொடியாகக் கறுப்பு. கொண்டை விரல் நகம் அளவுதான், வெளிறிய சிவப்பு. கால் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், செதில் வழுவழு. விரல் வைத்தும் பார்த்தேன். விற்ற அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"கோழி வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?" என்றாள்.

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. மஞ்சப்பையில் கோழியை வைத்துத் தலையை மட்டும் வெளியே விட்டுக் கட்டிக்கொண்டு, தேனி வந்து, அங்கிருந்து உத்தமபாளையம் போய், டவுன் பஸ் பிடித்து ராயப்பன்பட்டியில் இறங்கினேன். வழியில் எங்கள் டெப்போ ஆளே கண்டக்டராக வந்தான். ஊரார் கோழிக்கெல்லாம் நான் சிரிக்காமல் லக்கேஜ் டிக்கெட் போட்டவன். அவனும் சிரிக்காமல் எனக்குப் போட்டான்.

சம்பந்தியம்மா கோழியை வாங்கி முற்றத்தில் வைத்துப் பார்த்தார். இறக்கையை விரித்தார். வயிற்று இறகை ஊதிப் பார்த்தார். காலைத் தடவினார். கோழி அவரைப் பார்த்தது. நான் கைகட்டி நின்றேன்.

"வகை சரிதாண்ணே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஆனா இது முட்ட வச்ச கோழி. அடையில ஒரு தரம் உக்காந்து எந்திரிச்சிருக்கு."

"கொண்ட சிவக்கலயே தங்கச்சி."

"அடையில உக்காந்தா வெளுத்துப்போகும்."

இதை வீடியோக்காரர் சொல்லியிருந்தார். அடைக்கோழிக்குக் கொண்டை வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் விரல்? விரல் கணக்கைச் சம்பந்தியம்மாவிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கோழியைத் திருப்பி எடுத்துப் போக மனமில்லாமல் அங்கேயே விட்டேன். மகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். "பரவால்லப்பா, விடுங்க" என்றாள். விட முடியாது என்றேன்.

இரண்டாவது கோழி காமயகவுண்டன்பட்டியிலிருந்து. என் வண்டியில் தினமும் வரும் ஒருவர் அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் பந்தலடியில் மேய்ந்த செவலை. இந்த முறை வயதில் சந்தேகமே வரக்கூடாது என்று இன்னும் இளசாகப் பார்த்தேன். உடம்பு முழுக்கச் செம்மண் நிறம், வால் இறகு மட்டும் கறுப்பு. பிடிப்பதற்குள் பந்தல் கம்பியில் ஏறி, அங்கிருந்து தென்னை மட்டைக்குப் பறந்தது. மெக்கானிக்கின் பரீட்சையிலும் பாஸ். பந்தலைச் சுற்றி ஓடியதில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

சம்பந்தியம்மா அதன் காலைப் பார்த்தார். "மஞ்சக்கால்" என்றார்.

"மெலிசாத்தான இருக்கு?"

"மஞ்சள்னாலே எங்கயோ கிராஸ் கலந்துருக்குண்ணே. இவளுக்கு இல்ல, எவளுக்கும் நான் குடுக்கமாட்டேன்."

செவலையும் அங்கேயே தங்கியது. ஞாயிறு பூசை முடிந்து வந்த மாப்பிள்ளை, "என்ன மாமா, எங்க வீட்ல கோழிப்பண்ண வைக்கப் போறீகளா?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். ஆனால் எனக்கு அன்று ஆத்திரம். பேத்திக்கு முப்பது நாள் முடிந்துவிட்டது. லீவு நாளைத் தள்ளிப் போட்டாயிற்று. தொட்டில் கொக்கியில் நான் என் பையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கோழியில் நான் யாரையும் நம்பவில்லை. என் டிரைவர் வீடு பெரியகுளம் பக்கம். கொல்லையில் கோழி வளர்க்கிறார். முட்டை எந்தக் கோழி வைத்தது, அதற்குச் சேவல் எது, எந்த மாதம் பொரித்தது எல்லாம் அவருக்குத் தெரியும். அப்பன் பேர் தெரிந்த கோழி. கரும்பொறி நிறம், அதாவது கறுப்பில் அங்கங்கே பொன் பொறி. கால் கன்னங்கரேல். கொண்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். நாலு மாதக் குமரி. டிரைவரின் மனைவி அதைக் கொடுக்கும்போது, "பிள்ளைக்குத்தானண்ணே, கொண்டு போங்க" என்றார். என்ன விலை என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா அதை வெகுநேரம் பார்த்தார். ஊதினார், தடவினார், புரட்டினார். மறுபடி முதலிலிருந்து ஊதினார். நான் கைகட்டவில்லை. இந்த முறை நின்ற நிலையே வேறு.

"கருங்காலு" என்றார் கடைசியில்.

"கருங்கால் ஒசத்தின்னு சொல்வாக."

"பெரியவுகளுக்கு ஒசத்தி. பால் குடிக்கிற பிள்ளைக்குச் சூடு."

பேப்பருக்குப் பின்னாலிருந்து சம்பந்தி, "இது யாரு சொன்னா? நம்ம பயலப் பெத்தப்ப எங்கம்மா ஒனக்குக் கருங்கால் கோழிதான அடிச்சாக?" என்றார். சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். பேப்பர் மறுபடி உயர்ந்தது.

அப்போது வைக்கோல் போட்ட மூலையிலிருந்து ஒரு கோழி கத்த ஆரம்பித்தது. ஊரைக் கூட்டும் கத்தல். நான் முதலில் கொண்டுவந்த கவுதாரி நிறத்துக் கோழிதான். அதன் கொண்டை இப்போது மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். ஒரு முட்டை. சின்னஞ்சிறு முட்டை, ஓட்டில் இலேசாக ரத்தக் கோடு. கோழி வளர்க்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அது முதல் முட்டை. அதற்கு முன் அந்தக் கோழி முட்டையே வைத்ததில்லை. நான் பிடித்து வந்த அன்று அது சரியான வெடக்கோழியாகத்தான் இருந்திருக்கிறது.

முட்டையை உள்ளங்கையில் வைத்துச் சம்பந்தியம்மா முன்னால் நீட்டினேன். சூடாக இருந்தது.

"இது அடையில உக்காந்த கோழியா தங்கச்சி?"

எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "அனுப்ப இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க. நான் என்ன வேத்து ஆளா? என் பிள்ளைய என் வீட்டுக்குக் கூப்பிடுறேன். அதுக்கு மூணு வாரமா கோழியோட பின்பக்கத்தைத் தடவிக்கிட்டு ஊர் ஊராத் திரியுறேன். எங்க வீட்ல இருந்தவ உசுரோட இருந்தா இப்படிச் செய்வீகளா?" என்று கத்தினேன். சம்பந்தி பேப்பரைக் கீழே வைத்தார்.

சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவில்லை. உள்ளறை வாசலைப் பார்த்தார். அங்கே மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அத்தைய ஏசாதீக யப்பா" என்றாள். "அவுக அனுப்பத்தான் சொன்னாக. நான்தான் வரலைன்னேன். அப்பா மனசு ஒடஞ்சுரும், நீங்களே எதையாச்சும் சொல்லித் தட்டிவிடுங்க அத்தன்னு கெஞ்சுனேன்."

நான் முட்டையைப் பிடித்தபடியே நின்றேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஏந்த்தா?"

"அம்மா இல்லாம அந்த வீட்டுக்குள்ள நான் எப்படிப்பா வருவேன்? கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு தரம் வந்தேன். அடுப்படிப் பக்கம் திரும்பவே முடியல. இப்ப பிள்ளையோட வந்தா நாள் பூரா அம்மாவத்தான் தேடுவேன். நீங்க வேற வெள்ளையடிச்சேன், கொக்கி அடிச்சேன்னு சொல்றீக. வரலைன்னு எப்படிப்பா சொல்றது?"

சம்பந்தியம்மா மெதுவாக, "மொதக் கோழியே நல்ல கோழிதாண்ணே" என்றார். "என்ன சொல்லித் தட்டுறதுன்னு நீங்க அதக் கொண்டாரதுக்கு முன்னாடியே மூணு நாளு யோசிச்சு வச்சேன். ரெண்டாவதுக்கும் ஒண்ணும் கொறையில்ல. இந்தக் கருங்காலுக்கு என்னால ஒண்ணும் சொல்லவே முடியல."

எங்கள் பக்கத்தில் சம்பந்தியிடம் யாரும் நேராக முடியாது என்று சொல்லமாட்டார்கள். நாள் சரியில்லை, கிழக்கே சூலம், பிள்ளைக்கு மாந்தம் என்று சொல்வார்கள். கேட்கிறவன் புரிந்துகொண்டு, சரி, பிறகு பார்க்கலாம் என்று எழுந்துவிட வேண்டும். நான்தான் போய் அடுத்த கோழியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மாளும் பாவம், எத்தனை கோழிக்குத்தான் குறை கண்டுபிடிப்பார்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் நான் சொல்ல நினைத்தது, அழாதே, வர வேண்டாம், இங்கேயே இரு என்பதுதான். வாயில் வந்தது வேறு.

"எனக்கும் அந்த வீட்டுக்குள்ள போக முடியலத்தா. டூட்டி முடிஞ்சாலும் டெப்போலயே உக்காந்துருக்கேன். ஆள் இல்லைன்னா அடுத்தவன் ட்ரிப்பையும் கேட்டு வாங்கிப் போறேன். நீயும் பிள்ளையும் வந்தா ஒரு மாசமாச்சும் அது வீடா இருக்கும்னுதான் கூப்பிட்டேன். ஒனக்காக இல்ல. எனக்காகத்தான்."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சம்பந்தி எழுந்து, கவுதாரிக் கோழிக்குத் தண்ணீர் வைப்பதுபோல அந்தப் பக்கம் போனார். தண்ணீர்ச் சட்டி நிறைந்துதான் இருந்தது. சம்பந்தியம்மா மட்டும் நின்ற இடத்தில் நின்றார். பிறகு என் கையிலிருந்த முட்டையை வாங்கி மாடத்தில் வைத்தார்.

"லீவு ஒரு மாசம் சொல்லி வச்சிருக்கீகள்லண்ணே?"

"ஆமா."

"பையில மாத்துத் துணி இருக்கா?"

பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைப்பது எங்கள் பக்கம் கௌரவமில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையில் கோழி வந்தது, துணிக்கு இடமில்லை என்றேன்.

சம்பந்தியம்மா மகளிடமிருந்து பிள்ளையை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு மாற்றிக் கட்டத் தன் மகன் வேட்டியைத் தேடி உள்ளே போனார்.